சி++ நிரலுக்குள் லுவாவைக் குடிவைத்த அனுபவம்

நான் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் நிரல் ஒன்று உண்டு. வெப்பநிலை, அழுத்தம், நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் சில விநாடிகளுக்கு ஒருமுறை அதற்கு ஓர் எண்ணை அனுப்பும். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டுமா, வால்வை மூட வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா என்பதை அந்த எண்ணைப் பார்த்து நிரல் முடிவெடுக்கும். முழுக்க முழுக்க சி++ மொழியில் எழுதியது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். ஆனால் விதிகள் மட்டும் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. "அழுத்தம் இந்த அளவைத் தாண்டினால்" என்று இருந்த விதி, "தாண்டி அரை நிமிடம் அங்கேயே நின்றால்" என்று மாறும். அடுத்த வாரம் "பக்கத்துக் கருவியும் அதையே சொன்னால் மட்டும்" என்று ஒரு வால் முளைக்கும். ஒவ்வொரு முறையும் நான்தான் திருத்த வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திப் புதியதை ஏற்ற வேண்டும்.

விதிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து நிரல் அதைப் படிக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். பெயரும் மதிப்பும் மட்டும் கொண்ட எளிய கோப்பாகத்தான் அது தொடங்கியது. பிறகு பெரியது, சிறியது என்ற ஒப்பீடுகள் வந்தன. 'மற்றும்', 'அல்லது' வந்தன. அவை வந்ததும் அடைப்புக்குறிகள் தேவைப்பட்டன. முந்தைய மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ள மாறிகள் வேண்டும் என்று கேட்டார்கள். மாறிகளுக்கான கோடை, அதாவது நிரல் வரிகளை, எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் உறைத்தது: நான் ஒரு நிரலாக்க மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் சரியான பிழைச் செய்திகூட இல்லாத, யாருக்கும் தெரியாத ஒரு மொழியை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1980களின் இறுதியில் பெர்க்லியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் டிசிஎல் மொழியை உருவாக்கியதற்குக் காரணமே இதுதான். சிப் வடிவமைப்புக்காக அவர் குழு எழுதிய ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு நோஞ்சான் கட்டளை மொழி தனித்தனியாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எந்த நிரலுக்குள்ளும் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரே மொழியை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். லுவாவும் அதே வழியில் பிறந்ததுதான். ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக டெல், சோல் என்று இரண்டு சிறு மொழிகளை எழுதியிருந்தார்கள். 1993இல் ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் அவற்றுக்கு மாற்றாக லுவாவை உருவாக்கினார்கள். போர்த்துகீசிய மொழியில் சோல் என்றால் சூரியன், லுவா என்றால் நிலவு.

பைத்தானையும் யோசித்தேன். அதையும் சி நிரலுக்குள் வைக்க முடியும். ஆனால் அதன் நூலகத் தொகுப்பையும் கூடவே சுமந்துசெல்ல வேண்டும். எங்கள் நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள், அதாவது வேலை இழைகள், உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இன்டர்ப்ரெட்டர், அதாவது விதிகளைப் படித்து ஓட்டும் பகுதி, வேண்டும் என்பது எங்கள் தேவை. லுவாவில் இது மிக எளிது: ஒரு ஃபங்ஷனை அழைத்தால் புதிய இன்டர்ப்ரெட்டர் ஒன்று பிறக்கிறது, சில பத்து கிலோபைட் நினைவகத்தோடு. இன்னொன்றோடு அது எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. முழு மூலக்கோடும் தூய சி மொழியில் இருப்பதால் அதை எங்கள் கோடோடு சேர்த்தே கம்பைல் செய்துகொள்ளலாம். அப்போது வெளியாகியிருந்த 5.2 பதிப்பை எடுத்துக்கொண்டேன்.

ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. இன்டர்ப்ரெட்டரை உருவாக்கினேன், கோப்பை ஏற்றினேன், அதிலிருந்த ஃபங்ஷனைப் பெயர் சொல்லி அழைத்தேன், விடை வந்தது. அந்த எளிமையை நம்பி, ஒரு சாதாரண லைப்ரரியைச் சேர்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். உண்மையில் ஒரே நிரலுக்குள் இரண்டு ஆட்சிகளை உண்டாக்கியிருந்தேன். நினைவகத்தை விடுவிப்பது யார், பிழை வந்தால் எங்கே போவது, எண் என்றால் என்ன, எப்போது நிறுத்துவது என்ற எல்லாவற்றிலும் இரண்டுக்கும் வெவ்வேறு சட்டங்கள். அடுத்த ஓராண்டில் நான் துரத்திய பிழைகளில் பெரும்பாலானவை லுவாவுக்குள்ளும் இல்லை, சி++க்குள்ளும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இருந்தன.

முதல் பிழை ஸ்டாக்கில் வந்தது. லுவாவும் சியும் மதிப்புகளை நேரடியாகக் கைமாற்றிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு ஸ்டாக் இருக்கிறது, மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம். ஃபங்ஷனை அதில் வைக்க வேண்டும், அதன்மேல் மதிப்புகளை வைக்க வேண்டும், பிறகு அழைக்க வேண்டும். அழைப்பு முடிந்ததும் வைத்தவை மறைந்து விடைகள் அங்கே இருக்கும். விடையைப் படித்தபின் அதை அகற்றுவது நம் பொறுப்பு. லுவா நம் ஃபங்ஷனை அழைக்கும்போது இந்தக் கவலை இல்லை, நாம் திரும்பியதும் மிச்சத்தை லுவாவே துடைத்துவிடும். ஆனால் தாய் நிரல், அதாவது லுவாவை உள்ளே வைத்திருக்கும் எங்கள் சி++ நிரல், லுவாவை அழைக்கும் இடத்தில் துடைக்க யாரும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைச் செய்திக்கு மட்டும் ஒரே ஒரு விடையை அகற்ற மறந்திருந்தேன்.

சோதனையில் எதுவும் தெரியவில்லை. நிஜ வேலைக்குப் போன சில நாட்களில் நிரல் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது, ஒருநாள் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று நின்றது. லுவாவின் ஸ்டாக் வழக்கமான அமைப்பில் 10 லட்சம் இடங்கள் வரை வளரும். செய்திக்கு ஒன்றாக அங்கே குப்பை சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டிருந்தது. மந்தமானதற்கும் அதுவே காரணம்: பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டர் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாக் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாக வேண்டும்.

அன்றைக்கு எழுதிய சின்ன சி++ கிளாஸ் ஒன்று இன்றும் எங்கள் கோடில் இருக்கிறது. உருவாகும்போது ஸ்டாக்கின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். அழியும்போது உயரம் அதேதானா என்று பார்க்கும். இல்லையென்றால் சோதனைப் பதிப்பில் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். லுவாவை அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியும் அதுதான். இதோடு இன்னொன்றும் செய்யுங்கள்: லுவாவைக் கம்பைல் செய்யும்போது ஏபிஐ சோதனையை, அதாவது லுவாவை நாம் சரியாக அழைக்கிறோமா என்று பார்ப்பதை, இயக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைச் சோதனைப் பதிப்பில் எப்போதும் இயக்கி வையுங்கள். நம் ஃபங்ஷனுக்கு லுவா 20 இடங்களை மட்டுமே உறுதி தருகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்காமல் வைத்தால் சாதாரணப் பதிப்பு எந்த எச்சரிக்கையும் தராமல் பக்கத்து நினைவகத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்து வந்த பிழைதான் என்னை உண்மையிலேயே ஆட்டிப்படைத்தது. அவ்வப்போது நிரல் அப்படியே உறைந்துவிடும். விழாது, பிழைச் செய்தி இல்லை, சிபியூ பயன்பாடும் இல்லை. வெறுமனே காத்துக்கொண்டிருக்கும். பிழை தேடும் டீபக்கரை இணைத்துப் பார்த்தால் எல்லா த்ரெட்களும் ஒரே பூட்டுக்காகக் காத்திருந்தன; ஒரே தரவை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடாமல் காப்பதுதான் பூட்டு. ஆனால் அந்தப் பூட்டை வைத்திருப்பவர் யாரும் இல்லை. சி++இல் பூட்டை ஓர் ஆப்ஜெக்டுக்குள் வைத்துவிட்டால், அந்த ஆப்ஜெக்ட் அழியும்போது பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். எந்த வழியில் வெளியேறினாலும், ஆப்ஜெக்டை அழிக்கும் டிஸ்ட்ரக்டர் என்ற ஃபங்ஷன் ஓடியே தீரும் என்பதுதான் அந்த மொழி தரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் நான் பதினைந்து ஆண்டுகளாகக் கோடு எழுதியிருக்கிறேன். பூட்டு திறக்காமல் இருக்க வழியே இல்லை என்று மூன்று நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழி இருந்தது. சியில் கம்பைல் செய்யப்பட்ட லுவா, பிழை ஏற்பட்டால் சி மொழியின் லாங்ஜம்ப் மூலம் வெளியேறுகிறது. நடுவில் இருக்கும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் ஒரே தாவலில் கடந்து, கடைசியாகப் பாதுகாப்பான அழைப்பு (பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் அழைப்பு) செய்த இடத்தில் போய் நிற்கும். நடுவில் இருந்த சி++ ஆப்ஜெக்டுகளின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடுவதில்லை. லுவாவில் எழுதிய விதிகளுக்கு, அதாவது ஸ்கிரிப்டுக்கு, நான் கொடுத்திருந்த ஒரு ஃபங்ஷனில் முதலில் பூட்டை எடுத்தேன், பிறகு ஸ்கிரிப்ட் அனுப்பிய மதிப்பு எண்தானா என்று லுவாவின் சோதனை ஃபங்ஷனால் பார்த்தேன். எண்ணாக இல்லாவிட்டால் அந்தச் சோதனை ஃபங்ஷனே பிழையை எழுப்பிவிடும், திரும்பி வராது. ஒரு கருவி மதிப்பு அனுப்பாத நேரத்தில் ஸ்கிரிப்ட் வெற்று மதிப்பை அனுப்பியிருக்கிறது. தாவல் நடந்தது, பூட்டு மூடியபடியே நின்றது. தாய் நிரல் பிழையைப் பிடித்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, எதுவும் நடக்காததுபோல அடுத்த செய்திக்குப் போனது. அடுத்து அந்தப் பூட்டைக் கேட்ட த்ரெட் அங்கேயே நின்றது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. லுவாவின் மூலக்கோடையே சி++ கம்பைலரால் கம்பைல் செய்தால் அது லாங்ஜம்புக்குப் பதிலாக சி++இன் சொந்தப் பிழை வழியான எக்செப்ஷனைப் பயன்படுத்தும், டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். இன்று தொடங்குபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். எங்களிடம் சியில் கம்பைல் செய்யப்பட்ட வேறு சில லுவா துணை லைப்ரரிகளும் இருந்ததால் இரண்டாவது வழியை எடுத்தோம். அது ஒரு கட்டுப்பாடு: ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் மூன்று பகுதிகளாக இருக்க வேண்டும். முதல் பகுதியில் மதிப்புகளை வாங்கிச் சோதித்துவிட வேண்டும், அங்கே எந்த சி++ ஆப்ஜெக்டும் பிறக்கக் கூடாது. இரண்டாவது பகுதி தனி அடைப்புக்குள், முழு சி++ வேலை, லுவாவின் பெயரையே எடுக்கக் கூடாது. அங்கே எழும் எக்செப்ஷன் எதுவும் வெளியே கசியாமல் பிடித்துவிட வேண்டும், ஏனென்றால் சி++ எக்செப்ஷன் லுவாவின் சி கோடின் வழியாகப் போவதும் அதே அளவு ஆபத்து. மூன்றாவது பகுதியில் எல்லா ஆப்ஜெக்டுகளும் அழிந்த பிறகு, விடையை ஸ்டாக்கில் வைக்கலாம் அல்லது பிழையை எழுப்பலாம்.

விடையை வைப்பதுகூடத் தாவக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சரத்தை ஸ்டாக்கில் வைக்க லுவா நினைவகம் கேட்கும். கிடைக்காவிட்டால் அங்கேயே பிழை எழும். தாய் நிரல் பாதுகாப்பான அழைப்புக்கு வெளியே நின்று சரத்தை வைத்துக்கொண்டிருந்தால் தாவிப் போக இடமே இல்லை. நிரல் முழுவதும் முடிந்துவிடும். அதனால் இப்போது லுவாவோடு நாங்கள் செய்யும் எல்லா வேலையும், மதிப்புகளைத் தயார் செய்வது உட்பட, ஒரே பாதுகாப்பான அழைப்புக்குள்தான் நடக்கிறது.

பொருள்களின் ஆயுள் அடுத்த சிக்கல். கருவி ஒன்றைக் குறிக்கும் சி++ ஆப்ஜெக்டின் பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, அப்படியே ஸ்கிரிப்டுக்குக் கொடுத்திருந்தேன். ஸ்கிரிப்ட் எழுதியவர் அதைத் தன் டேபிள் ஒன்றில் பத்திரமாகச் சேமித்துவைத்தார்; அவர் மீது எந்தத் தவறும் இல்லை. கருவியின் இணைப்பு அறுந்ததும் சி++ அந்த ஆப்ஜெக்டை அழித்தது. ஸ்கிரிப்ட் கையில் இருந்த பாயிண்டர் அப்படியே இருந்தது. இப்போது ஸ்கிரிப்டிடம் போவது ஓர் அடையாள எண் மட்டும்தான். ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் சி++ பக்கம் அந்த எண்ணுக்குரிய கருவி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும், இல்லையென்றால் "அந்தக் கருவி இணைப்பில் இல்லை" என்று முறையான லுவா பிழை எழும். தேடலுக்கு ஆகும் நேரம் மிகச் சிறியது. நிரல் விழுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை.

எதிர்த் திசையிலும் இதே கேள்வி உண்டு. லுவா கொடுத்த சரத்தின் பாயிண்டர், அந்தச் சரம் ஸ்டாக்கில் இருக்கும் வரைதான் செல்லும். அகற்றிய பிறகு எப்போது வேண்டுமானாலும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துக்கொள்ளலாம். உடனே நகல் எடுத்துவிடுங்கள். லுவா ஃபங்ஷன் ஒன்றை சி++ பிறகு அழைப்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் லுவாவின் பதிவகத்தில் சேர்த்து ஓர் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் நினைவகம் கசியும். இதற்கும் டிஸ்ட்ரக்டர் கொண்ட ஒரு சிறு கிளாஸ் போதும்.

விதிகளை எழுதுபவர்கள் நிரலாளர்கள் அல்லர், கருவிகளோடு வாழ்ந்தவர்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்து, திரையில் இருந்த பிழைச் செய்தியைக் காட்டினார். "தம்பி, வெற்று மதிப்போடு கணக்குப் போடப் பார்த்தாய் என்கிறது. எந்தக் கோப்பில் என்று சொல்லியிருந்தால் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன், நானே திருத்தியிருப்பேன்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் ஸ்கிரிப்டை ஒரு சரமாக ஏற்றியபோது அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுக்கவில்லை. பிழை எந்த வழியாக வந்தது என்ற தடத்தையும் எடுக்கவில்லை. அந்தத் தடத்தை எடுக்கப் பாதுகாப்பான அழைப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்குள் ஸ்டாக் சுருண்டுவிட்டிருக்கும். அழைப்பைச் செய்யும்போதே பிழை கையாளும் ஃபங்ஷன் ஒன்றைக் கூடவே கொடுக்க வேண்டும். அது பிழை நடந்த இடத்திலேயே, தாவலுக்கு முன்பே ஓடும். அரை மணி நேர வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அதன்பின் எனக்கு வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்தன.

முடிவில்லாத சுழற்சி இல்லாமல் ஸ்கிரிப்ட் உலகம் கிடையாது. இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை நம் ஃபங்ஷனை அழை என்று லுவாவிடம் சொல்லி வைக்கலாம். அங்கே கடிகாரத்தைப் பார்த்து, நேரம் கடந்திருந்தால் பிழையை எழுப்பி ஸ்கிரிப்டை நிறுத்தலாம். இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, மூன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்கிரிப்ட் தானே பாதுகாப்பான அழைப்பைப் பயன்படுத்தினால் நாம் எழுப்பிய பிழையையும் அது விழுங்கிவிட்டுச் சுழற்சியைத் தொடரும். ஆகவே ஸ்கிரிப்டுக்குத் தரும் பாதுகாப்பான அழைப்பு நாங்களே எழுதியது, நேரம் கடந்த பிழையை மட்டும் அது மறுபடி எழுப்பும். இரண்டாவது, இந்தக் கண்காணிப்பு ஒவ்வொரு கோரூட்டீனுக்கும், அதாவது நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய ஒவ்வோர் ஓட்டத்துக்கும், தனி. உருவாகும்போது இருந்ததைத்தான் கோரூட்டீன் எடுத்துக்கொள்ளும், எனவே ஸ்கிரிப்டின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே அதை வைத்துவிட வேண்டும். மூன்றாவது, சியில் எழுதப்பட்ட ஃபங்ஷனுக்குள் இருக்கும்போது கட்டளைகள் எண்ணப்படுவதே இல்லை. நீளமான சரத்தின் மேல் சிக்கலான தேடலை ஏவினால் அது முடியும்வரை யாராலும் தடுக்க முடியாது. எங்கள் விதிகளுக்குச் சரத் தேடல் தேவையில்லை, அதனால் அந்த ஃபங்ஷன்களையே நீக்கிவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டுவதாக இருந்தால் இயங்குதளம் பிரித்துவைக்கும் தனிப் புராசஸ் தவிர வேறு எதையும் நான் நம்ப மாட்டேன்.

நினைவகத்தைக் கட்டுப்படுத்துவது இதைவிட எளிது. லுவா தன் நினைவகம் முழுவதையும் நாம் கொடுக்கும் ஒரே ஃபங்ஷன் வழியாகத்தான் கேட்கும். அதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வரம்பைத் தாண்டினால் மறுத்துவிடலாம். லுவா ஒருமுறை முழுக் குப்பையையும் கூட்டிவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கும், அப்போதும் மறுத்தால் ஒழுங்கான பிழையாக மாற்றிக்கொள்ளும்.

கோப்பு, இயங்குதளம், டீபக் ஆகிய நூலகங்களை ஸ்கிரிப்டுக்குத் திறக்கவே வேண்டாம். ஸ்கிரிப்டை ஏற்றும்போது மூல உரையை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கம்பைல் செய்த பைட்கோடை லுவா சரிபார்ப்பதில்லை, வேண்டுமென்றே கெடுத்த பைட்கோடு இன்டர்ப்ரெட்டரையே வீழ்த்தும்.

நேரம் கடந்த ஸ்கிரிப்டை நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் அதைவிடக் கடினமான கேள்வி வந்தது. பாதி வழியில் நிறுத்திய ஸ்கிரிப்ட் அதற்குள் ஒரு வால்வை மூடியிருந்தால்? இரண்டாவதை மூடுவதற்கு முன் நாம் நிறுத்தியிருந்தால்? ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2.6 பதிப்பிலிருந்து லுவா ஸ்கிரிப்டுகளை ஓட்டுகிறது. அங்கே வழக்கமான நேர வரம்பு 5 விநாடி. அதைத் தாண்டினாலும் ரெடிஸ் ஸ்கிரிப்டைத் தானாகக் கொல்வதில்லை. மற்றவர்களுக்கு "வேலையாக இருக்கிறேன்" என்று பதில் சொல்லத் தொடங்கும். கொல்லச் சொல்லி நாம் கட்டளையிட்டாலும், ஸ்கிரிப்ட் இதற்குள் தரவை மாற்றியிருந்தால் மறுத்துவிடும். பாதி மாறிய தரவைவிடக் காத்திருப்பு மேல் என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவின் காரணம் புரிந்தபோது என் வடிவமைப்பு எங்கே தவறியது என்பதும் புரிந்தது.

இப்போது எங்கள் ஸ்கிரிப்டால் எந்த வால்வையும் தொட முடியாது. தேவையான அளவீடுகள் எல்லாம் ஒரு டேபிளாக உள்ளே போகும். செய்ய வேண்டியவை ஒரு பட்டியலாக வெளியே வரும். ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தால் மட்டுமே தாய் நிரல் அந்தப் பட்டியலைச் சோதித்து நிறைவேற்றும். நடுவில் எது நடந்தாலும் உலகில் எதுவும் மாறியிருக்காது. இந்த ஒரு மாற்றத்தால் முன்பு சொன்ன பல தொல்லைகள் தாமாகவே சுருங்கின. எல்லையில் முன்பு நாற்பதுக்கு மேல் ஃபங்ஷன்கள் இருந்தன, பெரும்பாலானவற்றை அழித்தேன். உள்ளே போகும் ஒரு டேபிளும் வெளியே வரும் ஒரு பட்டியலும் இருந்தால் ஆயுள் பற்றிய கேள்வி எழுவது அரிது, பூட்டு எடுக்க வேண்டிய ஃபங்ஷனே இல்லை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் எல்லையைத் தாண்டிப்போய் வரும் செலவும் போனது. ஆயிரக்கணக்கான அளவீடுகளின் சராசரி போன்ற கனமான கணக்கு சி++ பக்கமே முடிந்து, விடை மட்டும் டேபிளில் போகிறது. விதியைச் சோதிப்பதும் எளிதானது: பழைய டேபிளைக் கொடு, பட்டியலைப் பார்.

எண்களைப் பற்றி ஒன்று. லுவா 5.2 வரை எல்லா எண்களும் இரட்டைத் துல்லியப் பதின்ம எண்கள்தான். முழு எண்கள் 9,007,199,254,740,992 வரைதான் பிசகாமல் நிற்கும், அதாவது இரண்டின் 53ஆம் அடுக்கு. எங்கள் கருவிகளின் அடையாள எண்கள் 64 பிட். அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு கருவிகள் எல்லையைத் தாண்டியதும் ஒன்றாகிவிட்டன. ஒன்றின் எச்சரிக்கை மற்றொன்றின் பெயரில் வந்தது. அடையாள எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ யாரும் போவதில்லை. அதைச் சரமாக அனுப்பினேன், சிக்கல் தீர்ந்தது. 64 பிட் முழு எண்கள் 5.3இல் வந்துவிட்டன என்றாலும் அந்தச் சரங்களை நான் மாற்றவில்லை.

லுவாவின் மூலக்கோடை எங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்திருக்கிறோம். கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதோடு இணைத்துக்கொள்வது சரிவராது, ஏனென்றால் 5.2, 5.3, 5.4 என்று ஒவ்வொன்றிலும் மொழியே கொஞ்சம் மாறுகிறது. பல ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதிச் சேர்த்த விதிகள் அந்த மொழியின்மேல் நிற்கின்றன. 2020இல் வெளியான 5.4க்கு மாற முடிவு செய்தபோது அதை மிக மெதுவாகச் செய்தோம். பதிவுசெய்து வைத்திருந்த பழைய அளவீடுகளைப் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் கொடுத்து, இரண்டும் வெளியிட்ட பட்டியல்களை வரிக்கு வரி ஒப்பிட்டோம்.

மூன்று விதிகளில் மட்டும் பட்டியல்கள் வேறுபட்டன. மூன்றிலும் காரணம் ஒன்றே. 5.2இல் பத்தை இரண்டால் வகுத்து அந்த விடையைச் சரத்தோடு சேர்த்தால் "5" என்று வரும். 5.3 முதல் முழு எண்ணும் பதின்ம எண்ணும் தனித்தனி என்பதால், வகுத்தலின் விடை எப்போதும் பதின்ம எண், சரத்தில் அது "5.0" ஆகிறது. அந்த விதிகள் வால்வின் பெயரை இப்படிக் கணக்கிட்டு உருவாக்கியிருந்தன. "வால்வு5" என்ற பெயருக்குப் பதிலாக "வால்வு5.0" என்று கேட்டன, அப்படி ஒரு வால்வு இல்லை. முழு எண்ணாகவே வகுக்கும் இரட்டைச் சாய்கோட்டுக் குறியை அந்த மூத்தவருக்குக் காட்டினேன். மூன்றையும் அவரே திருத்தினார். ஒப்பீட்டை மறுபடி ஓட்டினோம். பட்டியல்கள் ஒன்றாக வந்தன. அன்று மாலையே பழைய பதிப்பைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினேன்.